தடுத்தால், சொல்லிவிட்டுத் தடு!

தோழர்களே!

உங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் ஒரு நாள் தானாகவே ஒரு முடிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இந்தக் கவர் சரியாகப் படவில்லை. அந்த இன்லண்ட் லெட்டரில் கையெழுத்து கோணலாக இருக்கிறது. இதெல்லாம் இவர்களுக்கு எதற்கு?" என்று சொல்லி, வழியில் ஓடும் வாய்க்காலில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார். உங்களிடமும் சொல்லவில்லை. எழுதியவரிடமும் சொல்லவில்லை. சும்மா விடுவோமா? ஊரே திரண்டு போஸ்ட் ஆபீஸ் வாசலில் நிற்கும்! 1898-ம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், தபாலை ஒளித்து வைக்கிற, அழிக்கிற, தூக்கி எறிகிற ஊழியருக்கு 7 ஆண்டு வரை சிறை என்றே எழுதி வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023-ல் வேறு சட்டம் வந்துவிட்டது. ஆனால் தபால் என்பது இடையில் இருப்பவருக்குச் சொந்தமல்ல என்ற நியாயம் மாறிவிடவில்லை.

அதே தபால்காரர் செய்த வேலையை மெயில் சர்வரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பில்டர் செய்தால் மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. "ஸ்பாம் பிடிக்கிறது சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எந்த மெயிலைப் பிடித்தது, ஏன் பிடித்தது, பிடித்ததை எங்கே வைத்தது, யாரிடம் சொன்னது? இந்த நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

"இது கம்ப்யூட்டர் பிராஞ்ச் பசங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், மெக்கானிக்கல், சிவில் நண்பர்களே! இன்டர்வியூ அழைப்பு உங்களுக்கும் மெயிலில்தான் வருகிறது.

பில்டர் வேண்டாம் என்கிறேனா?

இல்லவே இல்லை. மெயில் என்பது பிறவியிலேயே அடையாள அட்டை கேட்காத வீடு. மெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கொண்டு செல்லும் எஸ்.எம்.டி.பி. என்ற நடைமுறையை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதினார். அன்று அந்த வலையில் இருந்தவர்கள் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அதனால் "நான் இன்னார்" என்று அனுப்புபவன் சொன்னால் சர்வர் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதற்கும் முன்பே, 1978 மே மாதம், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பாமின் பிள்ளையார் சுழி அது!

2000-ம் ஆண்டு மே மாதம் உலகையே ஆட்டிப் படைத்த "ஐ லவ் யூ" வைரஸ் நினைவிருக்கிறதா? நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு இணைப்பு வரும். பைல் பெயரில் முதலில் டி.எக்ஸ்.டி. என்று இருக்கும். அதற்குப் பின்னால் வி.பி.எஸ். என்று இன்னொரு வால் உண்டு. விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துவிடும். சாதாரண எழுத்து பைல்தானே என்று திறந்தால், உள்ளே இருப்பது ஓடும் புரோகிராம்! இப்படிப்பட்ட இணைப்புகளை வாசலிலேயே நிறுத்த அட்மின் ஒரு விதி எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே பில்டர் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட பில்டர்?

மெயிலை ஐந்து விதமாக நடத்தலாம்

சந்தேகத்துக்குரிய மெயில் ஒன்று வந்தால் அட்மினுக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒன்று, அப்படியே உள்ளே விடலாம். இரண்டு, உள்ளே விட்டு "ஸ்பாம்" பெட்டியில் போடலாம். மூன்று, குவாரண்டைன் என்ற காவலில் வைக்கலாம். நான்கு, வாசலிலேயே "வாங்க மாட்டேன்" என்று திருப்பலாம். ஐந்து, "வாங்கிக்கொண்டேன்" என்று அனுப்பியவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே கொண்டு போய்க் குப்பையில் போடலாம்.

முதல் நான்கையும் இடம் பார்த்துப் பயன்படுத்தலாம். ஐந்தாவது இருக்கிறதே, அதுதான் வாய்க்கால் தபால்காரர்!

ஏன் பலர் அந்த ஐந்தாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதில்தான் புகார் வராது. ஸ்பாம் பெட்டியில் போட்டால் "நல்ல மெயில் அங்கே கிடந்ததே" என்று கேட்பார்கள். குவாரண்டைனில் வைத்தால் "எடுத்துக் கொடு" என்று போன் வரும். திருப்பி அனுப்பினால் வெளியூரிலிருந்து சண்டைக்கு வருவார்கள். சத்தமில்லாமல் விழுங்கிவிட்டால்? ஒருவருக்கும் தெரியாது. அட்மின் நிம்மதியாக டீ குடிக்கலாம். ஆனால் புகார் வராத பில்டரெல்லாம் நல்ல பில்டர் ஆகிவிடாது. புகார் சொல்ல வேண்டியவருக்கு விஷயமே தெரியாமல் போயிருக்கலாம்.

ஒரு உதாரணம். கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து ஒரு கம்பெனி நம் நண்பர் ஒருவருக்கு "வரும் திங்கள் காலை வந்து சேரவும்" என்று மெயில் அனுப்புகிறது. மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் வேறொரு சேவை மூலம் அனுப்புகிறார்கள். அதை நம் பக்கத்துச் சர்வர் சந்தேகப்பட்டு விழுங்கிவிடுகிறது. திங்கள் போய்விட்டது. கம்பெனி சொல்கிறது: "அனுப்பினோமே!" நண்பர் சொல்கிறார்: "வரவேயில்லை சார்!" இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் வேலை போனது யாருக்கு? அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்த அந்தப் பையனுக்கு.

இதையே வாசலில் திருப்பியிருந்தால் கம்பெனியின் சர்வருக்கு 550 என்று தொடங்கும் ஒரு பதில் போயிருக்கும். "உங்கள் மெயிலை ஏற்கவில்லை, காரணம் இது" என்று அதில் இருக்கும். அதைப் பார்த்தவர் போனையாவது எடுத்துப் பேசியிருப்பார்!

"திருடனுக்கும் பதில் சொல்லணுமா?"

இப்படி ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரும் குப்பைக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தால் சர்வர் என்ன ஆவது?

இங்கேதான் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். சர்வர்கள் இரண்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுப்பது ஒன்று. வாங்கி வைத்துவிட்டுப் பிறகு தனியாக மறுப்புக் கடிதம் எழுதுவது வேறொன்று. இரண்டாவது ஆபத்தானது. ஏனென்றால் ஸ்பாம் அனுப்புகிறவன் "அனுப்புநர்" இடத்தில் யாரோ ஓர் அப்பாவியின் முகவரியைப் போட்டிருப்பான். நீங்கள் எழுதும் மறுப்புக் கடிதமெல்லாம் அந்த அப்பாவியின் தலையில் கொட்டும்.

பேச்சின் நடுவிலேயே மறுத்தால் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் எந்தக் கடிதமும் எழுதுவதில்லை. எதிரே நிற்கும் சர்வரிடம் "வேண்டாம்" என்கிறீர்கள், அவ்வளவுதான். எதிரே இருப்பது முறையான சர்வர் என்றால் அதுவே தன் ஆளிடம் "போகவில்லை" என்று சொல்லிவிடும். திருட்டுப் புரோகிராம் என்றால் அது யாரிடமும் சொல்லப் போவதில்லை. நல்லவனுக்குத் தகவல் போகும், கெட்டவனால் அப்பாவிக்குத் தொல்லை இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

எஸ்.எம்.டி.பி.யின் 2008-ம் ஆண்டு விதிநூலும் இதைத்தான் வலியுறுத்துகிறது. ஒரு மெயிலை "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்ட சர்வர் அதைச் சேர்க்க வேண்டும், அல்லது சேரவில்லை என்று தெரிவிக்க வேண்டும். சத்தமில்லாமல் கைவிடுவதென்றால் மோசடி என்பதில் மிகுந்த உறுதி இருக்கும்போது மட்டும். அடையாளம் காணப்பட்ட வைரஸை அழிப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் "சந்தேகம்" என்பது உறுதி ஆகாது.

நம் பசங்க புராஜெக்டை ஜிப் பண்ணி ஜிமெயிலில் அனுப்பும்போது, உள்ளே ஒரு இ.எக்ஸ்.இ. பைல் இருந்தால் போகாது. "என்னடா இது ரோதனை" என்று திட்டுகிறோம். ஆனால் போகவில்லை என்று உடனே தெரிகிறதே! வேறு வழியில் அனுப்பி, தேதிக்குள் சேர்த்துவிடுகிறோம். கெடுபிடியான பில்டராக இருந்தாலும் பரவாயில்லை, அது வாய் திறந்து பேச வேண்டும்.

வார்த்தையைப் பார்த்து வெட்டாதீர்கள்

புதிதாக அட்மின் ஆனவர்கள் செய்யும் முதல் காரியம், ஒரு கெட்ட வார்த்தைப் பட்டியல் தயாரிப்பது. "லாட்டரி", "பரிசு", "லோன்" என்ற சொற்கள் வந்தால் தடு! பிறகு என்ன ஆகும்? கல்விக்கடன் பற்றி வங்கியிலிருந்து வந்த மெயில் காணாமல் போகும். பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றவருக்கு அழைப்பு வராது.

1996-ல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். சேவையில் சேர முடியாமல் தவித்தார்கள். அந்த ஊர்ப் பெயருக்குள்ளே ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்றின் எழுத்துகள் வரிசையாக வருகின்றன. ஊர் என்ன பாவம் செய்தது?

அதனால்தான் இன்றைய பில்டர்கள் ஒரே ஒரு வார்த்தையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. நமக்கு இன்டர்னல் மார்க் போடுவது போல ஒவ்வொரு சோதனைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகின்றன. ஸ்பாம்அசாசின் என்ற இலவச மென்பொருளில், யாரும் மாற்றாதவரை, 5 மதிப்பெண் எடுத்தால் ஸ்பாம். ஆர்ஸ்பாம்டி என்ற இன்னொன்றில் 4 எடுத்தால் "கொஞ்சம் கழித்து வா" என்று காக்க வைக்கும், 6 எடுத்தால் "ஸ்பாம்" என்று முத்திரை குத்தி உள்ளே அனுப்பும், 15 எடுத்தால்தான் வாசலில் திருப்பும். குற்றத்துக்கு ஏற்ற தண்டனை! "எதற்கு வம்பு" என்று 15-ஐ 5 ஆக்கிவிடும் அட்மின், முன்கூட்டியே எத்தனை நல்ல மெயில்கள் அடிபடும் என்று எண்ணிப் பார்த்தாரா?

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். "இன்ன மொழியில் வந்தால் ஸ்பாம்" என்று குறிக்கும் வசதி சில மெயில் சேவைகளில் இருக்கிறது. ஆங்கிலம் தவிர எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டு ஒருவர் எழுந்து போனால், தமிழில் எழுதிய பெற்றோரின் மனு எங்கே போய் விழும்? பழக்கிக் கற்கும் பில்டராக இருந்தால் அதற்கு நல்ல தமிழ் மெயில்களையும் காட்டிப் பழக்க வேண்டும். ஸ்பாம்அசாசினின் கற்கும் பகுதி, 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறது. அந்த 200 நல்ல மெயிலில் தமிழ் ஒன்றுகூட இல்லையென்றால் அதைக் குறை சொல்லி என்ன பயன்?

முத்திரை, கையெழுத்து, கட்டளை

அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்க்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. "என் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி" என்று நிறுவனம் வெளியிடும் பட்டியல் எஸ்.பி.எஃப். மெயிலின் மேல் போடப்படும் கம்ப்யூட்டர் கையெழுத்து டிகிம். இவற்றில் ஒன்றாவது, அனுப்புநர் இடத்தில் தெரியும் பெயருக்குப் பொருந்தி வரவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை டிமார்க். அந்தக் கட்டளை மூன்று வகை: ஒன்றும் செய்யாதே, காவலில் வை, திருப்பி அனுப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கிவிட்டது.

இங்கேயும் அவசரம் ஆபத்து. 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்குத் திடீரென்று "திருப்பி அனுப்பு" என்று கட்டளை போட்டது. யாஹூ முகவரியிலிருந்து குழு மடல்களுக்கு எழுதியவர்களின் கடிதங்களெல்லாம் திரும்பின. குழுவின் சர்வர் வேறு, கடிதத்தின் அடியில் அது சேர்க்கும் வரியால் கையெழுத்தும் கெட்டுவிடும். ஆகவே உண்மையான கடிதமும் போலி போலவே தெரிந்தது.

முதலில் "ஒன்றும் செய்யாதே" என்று வைத்துவிட்டு, நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று மற்ற சர்வர்கள் அனுப்பும் அறிக்கைகளைச் சில வாரங்கள் படிக்க வேண்டும். கட்டண ரசீது அனுப்பும் சேவை, மதிப்பெண் அனுப்பும் சேவை எல்லாம் அதில் தெரியும். அவற்றைப் பட்டியலில் சேர்த்த பிறகே காவல், அதன் பிறகே திருப்பல். லேத்தில் ஜாபை மாட்டியவுடன் முழு ஆழத்தில் வெட்டுகிறோமா?

பெரியவர்களுக்கு மட்டும் பின்வாசலா?

"ஐயா மெயில் தடுபடக் கூடாதுப்பா. அவர் பெயரை எப்போதும் அனுமதி லிஸ்டில் போட்டுவிடு." எந்த ஆபீசிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. தலைமை அதிகாரியின் முகவரியையோ, நிறுவனத்தின் சொந்தப் பெயரையோ சோதனையே இல்லாத அனுமதிப் பட்டியலில் போட்டால் நடப்பது என்ன? அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் போலிக்கும் சிவப்புக் கம்பளம்! "மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக கிப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு" என்று மேலதிகாரி பெயரில் வரும் மோசடி மெயில் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான். பெரிய பெயருக்குச் சோதனை கூடுதலாக இருக்க வேண்டும், குறையக் கூடாது.

அதே நேரத்தில் எந்தப் பில்டரும் சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013 முதல் 2015 வரை, கூகுளும் பேஸ்புக்கும் போலி பில்களை நம்பி 10 கோடி டாலருக்கு மேல் ஏமாந்தன. பில்டர்களைத் தயாரிக்கிற நிறுவனத்துக்கே அந்தக் கதி! பணம் கேட்கும் மெயில் வந்தால் தெரிந்த நம்பருக்குப் போன் செய்து கேட்கும் பழக்கத்தை எந்த சாப்ட்வேரும் நமக்காகச் செய்யாது.

தங்கியதை எடை போடுங்கள்

சிவில் நண்பர்களைக் கேளுங்கள். மண் பரிசோதனையில் 4.75 மி.மீ. முதல் 75 மைக்ரான் வரை சல்லடைகளை அடுக்கி ஆட்டுவார்கள். அத்தோடு முடிந்ததா? ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதை எடை போட்டு, கூட்டி, முதலில் போட்ட எடையோடு ஒப்பிட வேண்டும். எங்கோ குறைந்தால் லேப் சார் ரெக்கார்டில் கையெழுத்துப் போட மாட்டார்! எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் தெரியும். பழைய ரிலேக்களில் டிரிப் ஆனால் கொடி விழும். எந்தப் பழுதால் விழுந்தது என்று கொடியைப் பார்த்துச் சொல்லலாம். கொடியே இல்லாத ரிலேயை நம்பி யார் மறுபடி சப்ளை கொடுப்பார்கள்?

மெயில் பில்டருக்கும் அந்தக் கணக்கு வேண்டும், அந்தக் கொடி வேண்டும். நாளை நம்மில் பலர் ஒரு மில்லிலோ, மருத்துவமனையிலோ, பள்ளியிலோ "சிஸ்டம் பார்க்கிற தம்பி" ஆகப் போகிறோம். மெயில் சர்வரும் நம் தலையில்தான் விழும். அப்போது நினைவில் வைத்துக்கொள்ள என் யோசனைகள் இவை:

1. எதைத் தடுக்கிறோம் என்பதை எழுத்தில் வையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் காரணமும் தேதியும் இருக்கட்டும்.

2. புது விதியை முதலில் "குறித்து மட்டும் வை" என்று ஓடவிடுங்கள். எத்தனை நல்ல மெயில் மாட்டியிருக்கும் என்று எண்ணிய பிறகே தடுக்கச் சொல்லுங்கள்.

3. குவாரண்டைனில் விழுந்ததைப் பெறுநருக்குத் தெரிவிக்கும் வசதியை இயக்குங்கள். தினமும் ஒரு பட்டியல் போனால் போதும்.

4. காவலில் இருக்கும் மெயில் அடுத்தவர் கடிதம். தலைப்பும் காரணமும் பார்த்தால் போதும். உரியவர் கேட்காமல் உள்ளே படிப்பது அழகல்ல.

5. போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி எல்லா மெயில் சர்வரிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு வரும் முறையீடுகளை ஒரு மனிதர் படிக்க வேண்டும்.

6. பூட்டுப் போட்ட ஜிப் பைலின் உள்ளே பில்டரால் பார்க்க முடியாது. அதைக் காவலில் வைத்து, உரியவரைக் கேட்டு விடுங்கள்.

7. பில்டர் விழித்திருக்கிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனை பைல் இதற்காகவே இருக்கிறது. அது வைரஸ் அல்ல, ஆனால் வைரஸ் போலவே பிடிபடும்.

8. லாக்குகளை அழிக்காதீர்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது. "என் மெயில் என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

தோழர்களே! கேட் பாஸ் இல்லை என்று வாட்ச்மேன் நிறுத்தினால் நாம் கோபப்படுவதில்லை. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் பதில் வர வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதிலை, முகம் தெரியாத ஒருவருடைய மெயிலைத் தடுக்கும்போது நாமும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். எங்கோ ஒரு பையன் திங்கட்கிழமைக்கான அழைப்பை எதிர்பார்த்து இன்பாக்ஸைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனை நினைத்து விதி எழுதுவோம்.

தடுப்போம்! சொல்லிவிட்டுத் தடுப்போம்!